வியன்னாவும் பிராத்திஸ்லாவாவும்: நான்கு இரவில் இரண்டு தலைநகரங்கள், முழுமையான வழிகாட்டி

ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னா. ஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராத்திஸ்லாவா. இரண்டுக்கும் இடையே சுமார் 60 கிலோமீட்டர்தான். ஏறத்தாழ சென்னையிலிருந்து காஞ்சிபுரம் போகிற தூரத்தில் நாடு மாறிவிடுகிறது, மொழி மாறிவிடுகிறது, ஓட்டல் பில் குறைகிறது. பணம் மட்டும் மாறாது. ஸ்லோவாக்கியா 2009-லேயே யூரோவுக்கு வந்துவிட்டதால் கையில் ஒரே நாணயம் போதும். முதல் முறை ஐரோப்பா போகிறவர்களுக்கு பிராக், புடாபெஸ்ட் இரண்டையும் விட இந்த ஜோடி வசதி என்பதற்கு இதுவே பாதிக் காரணம்.

பெரும்பாலோர் வியன்னாவில் தங்கிக்கொண்டு பிராத்திஸ்லாவாவுக்குக் காலையில் போய் மாலையில் திரும்புகிறார்கள். அது தப்பில்லை, ஆனால் வரைபடத்தைப் பார்த்தால் வேறொரு யோசனை வரும். வியன்னா விமான நிலையம் நகரத்திலிருந்து சுமார் 18 கிலோமீட்டர் கிழக்கே, அதாவது பிராத்திஸ்லாவா போகிற திசையில் இருக்கிறது. அங்கிருந்து பிராத்திஸ்லாவாவுக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் நேரடி பஸ்கள் ஓடுகின்றன. ஆகவே மூன்று இரவு வியன்னா, கடைசி இரவு பிராத்திஸ்லாவா, அங்கிருந்து நேராக விமானம் என்று அமைத்தால் வந்த வழியே திரும்பிப் போக வேண்டியதில்லை. இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசையை ஒட்டியது.

விசா: எந்தத் தூதரகம்?

இரண்டும் ஷெங்கன் நாடுகள், அதாவது ஒரே விசாவில் எல்லைச் சோதனையின்றிப் போய்வரலாம் என்று ஒப்பந்தம் செய்துகொண்ட ஐரோப்பிய நாடுகள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஒரே விசா போதும், ஒற்றை நுழைவு விசாவே போதும். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழைகிற நாடு. மூன்றுக்கு ஒன்று என்ற நம் கணக்கில் ஆஸ்திரியா. இங்கே பலருக்கு ஒரு சறுக்கல் நேர்கிறது: விசா தேதி சீக்கிரம் கிடைக்கிறது என்று வேறொரு நாட்டின் பெயரில் விண்ணப்பித்து, ஓட்டல் பதிவை மட்டும் அதற்கேற்பக் காட்டி, விசா வந்ததும் ரத்து செய்துவிடுவது. எல்லையில் அதிகாரி ஓட்டல் சீட்டைக் கேட்டால் பதில் சொல்லத் திணற வேண்டியிருக்கும்.

விண்ணப்பம் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து கொடுக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னதாகக் கொடுத்தே ஆக வேண்டும். கோடை விடுமுறைக்குப் போவதாக இருந்தால் மூன்று மாதம் முன்பே நேரம் வாங்கிவிடுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, அதற்குக் கீழே இலவசம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் பகுதி முழுவதற்கும், தங்கும் எல்லா நாட்களுக்கும் இருக்க வேண்டும். விமானம் தாமதமாகித் திரும்பும் தேதி ஒரு நாள் தள்ளிப்போனாலும் தாங்கும்படி காப்பீட்டை இரண்டு நாள் கூட்டி எடுப்பது நல்லது. கூடுதல் செலவு சொற்பம்.

கிழமையைப் பார்த்துத் தேதி வையுங்கள்

இந்தப் பயணத்தைக் கெடுப்பது மழையை விடக் கிழமைதான். இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்திரியாவில் கடைகள் அடைப்பு. சூப்பர் மார்க்கெட், துணிக்கடை எதுவும் கிடையாது, பெரிய ரயில் நிலையங்களில் உள்ள சில கடைகள் மட்டும் திறந்திருக்கும். நாஷ்மார்க்ட் சந்தையும் ஞாயிறு இல்லை. ஸ்லோவாக்கியாவில் சாதாரண ஞாயிறுகளில் கடைகள் திறந்திருக்கும். இரண்டாவது, திங்கள். பிராத்திஸ்லாவாவின் அருங்காட்சியகங்கள் பல அன்று மூடல். வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகமும் கோடை மாதங்கள் போக மற்றபடி திங்களன்று பெரும்பாலும் மூடித்தான் இருக்கும்.

இதை வைத்துப் பார்த்தால் புதன் மதியம் வந்திறங்கி, வியாழனும் வெள்ளியும் வியன்னா, சனி காலை பிராத்திஸ்லாவா, ஞாயிறு பிராத்திஸ்லாவாவை ஒட்டிய தேவின் கோட்டையைப் பார்த்துவிட்டு இரவு விமானம் என்பது எல்லா வகையிலும் பொருந்துகிறது. வியாழன் இரவு கலை வரலாற்று அருங்காட்சியகம் 9 மணி வரை திறந்திருப்பது இதில் ஒரு லாபம். சனி இரவு பிராத்திஸ்லாவாவில் ஒரு தொல்லை உண்டு. மலிவு விமானங்களில் பிரிட்டனிலிருந்து கல்யாணத்துக்கு முந்தைய கொண்டாட்டத்துக்கு வரும் இளைஞர் கூட்டம் பழைய நகரத்துச் சந்துகளில் விடிய விடியச் சத்தம் போடும். அறை எடுக்கும்போது மதுக்கடைத் தெருக்களை விட்டு, கோட்டைச் சரிவின் பக்கமோ ஆற்றங்கரை ஓரமோ பாருங்கள்.

மாதம் என்று கேட்டால் மே, ஜூன், செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் பகல் 35 டிகிரியைத் தாண்டும் நாட்கள் வருகின்றன, பழைய கட்டட ஓட்டல்கள் பலவற்றில் ஏ.சி. இருக்காது. ஆபரா என்ற இசை நாடகம் நடக்கும் வியன்னா அரங்கும் அந்த இரண்டு மாதம் விடுமுறை. டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தைகளுக்காகப் போகலாம், ஆனால் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். பார்க்கிற நேரம் பாதியாகிவிடும் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்திலிருந்து வியன்னாவுக்குள்

வெளியே வந்ததும் கண்ணில் படுவது பச்சை நிற சிட்டி ஏர்போர்ட் ட்ரெயின் விளம்பரம். அது வீன் மிட்டே நிலையத்துக்கு 16 நிமிடத்தில் போகும். அதே வீன் மிட்டேவுக்கு எஸ்7 புறநகர் ரயில் சுமார் 25 நிமிடத்தில் போகிறது, கட்டணம் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். ஒன்பது நிமிடத்துக்காக அவ்வளவு கொடுக்க வேண்டுமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். தலைமை ரயில் நிலையமான ஹாப்ட்பான்ஹாஃப் பக்கம் அறை எடுத்திருந்தால் இன்னும் நல்ல வழி, ரயில்ஜெட். இது லின்ஸ், சால்ஸ்பர்க் வரை போகிற நெடுந்தூர ரயில். ஆனாலும் விமான நிலையத்திலிருந்து ஹாப்ட்பான்ஹாஃப் வரை சாதாரணப் புறநகர்ச் சீட்டே செல்லும். பதினைந்து நிமிடப் பயணம்.

சீட்டு எடுக்கும்போது கவனிக்க வேண்டியது மண்டலக் கணக்கு. வியன்னா நகர நாள் சீட்டு நகர எல்லைக்குள் மட்டும்தான். விமான நிலையம் அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. 24 மணி நேரச் சீட்டு கையில் இருக்கிறது என்று அப்படியே எஸ்7-ல் ஏறினால் அபராதம். ஏற்கெனவே நகரச் சீட்டு இருந்தால் வெளி மண்டலத்துக்கான கூடுதல் சீட்டு மட்டும் வாங்கினால் போதும், இயந்திரத்தில் அந்தத் தேர்வு வரும்.

அறைக்கு எந்தப் பகுதி நல்லது? இந்தப் பயணத்துக்கு ஹாப்ட்பான்ஹாஃப் சுற்றுப்புறமே முதல் தேர்வு. விமான நிலைய ரயிலும், பிராத்திஸ்லாவா ரயிலும், யு1 மெட்ரோவும் அங்கேதான். நகர மையம் மெட்ரோவில் சில நிமிடம். பார்க்க அழகான பகுதி என்று சொல்ல முடியாது. அழகு வேண்டுமென்றால் பழைய நகரத்தைச் சுற்றி ஓடும் ரிங் சாலைக்கு உள்ளே விலை இரட்டிப்பாகும். நடுத்தர ஓட்டலில் இருவர் அறைக்கு வியன்னாவில் இரவுக்கு 100 முதல் 150 யூரோ, பிராத்திஸ்லாவாவில் 60 முதல் 100 யூரோ என்று வைத்துக்கொள்ளலாம். தங்கும் வரியைச் சில இடங்களில் கவுண்டரில் தனியாகக் கேட்பார்கள்.

வியன்னா: சீட்டும் முத்திரையும்

மெட்ரோவில் கேட்டே கிடையாது. யாரும் தடுக்க மாட்டார்கள். அதனால் சீட்டு வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. சாதாரண உடையில் பரிசோதகர்கள் ஏறுவார்கள், அபராதம் நூறு யூரோவுக்கு மேல், சுற்றுலாப் பயணி என்ற சமாதானம் எடுபடாது. அதிகம் மாட்டுபவர்கள் சீட்டு வாங்காதவர்கள் அல்ல, வாங்கிய காகிதச் சீட்டை நீல நிற முத்திரைப் பெட்டியில் செருகாதவர்கள்தான். மெட்ரோவில் நடைமேடைக்கு இறங்கும் முன்பும், டிராம், பஸ்ஸில் உள்ளேயும் அந்தப் பெட்டி இருக்கும். சீட்டின் நுனியைச் செருகினால் ஒரு சத்தத்துடன் தேதியும் நேரமும் அச்சாகும். முதல் பயணத்தில் ஒரு தரம் போதும். மறுபடி மறுபடி குத்தினால் முதல் அச்சு படிக்க முடியாமல் போய்விடும். செயலியில் வாங்கினால் இந்த வேலையே இல்லை, விலையும் கொஞ்சம் குறைவு.

நகர அட்டைகள் பல பெயரில் விற்கிறார்கள். சுற்றுலா அட்டையில் கிடைக்கும் தள்ளுபடி பெரும்பாலும் ஒன்றிரண்டு யூரோதான். வெறும் போக்குவரத்து நாள் சீட்டும், பார்க்கப்போகிற இடங்களுக்குத் தனித்தனிச் சீட்டும் எடுப்பது பெரும்பாலோருக்கு மலிவாக வரும்.

இரண்டு முழு நாளில் வியன்னா

*வியாழன் காலை: ஷோன்ப்ரூன்.* ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் கோடை அரண்மனை. 1,441 அறைகளில் முழுச் சுற்றில் நாற்பது அறை பார்க்கலாம், சுமார் ஒரு மணி நேரம். இசைமேதை மோட்சார்ட் ஆறு வயதில், 1762-ல், அரசி மரியா தெரேசா முன் வாசித்தது இங்கேதான். நேரம் குறித்த சீட்டு, ஆகவே இணையத்தில் முன்கூட்டியே, நாளின் முதல் சுற்றுக்கு எடுங்கள். பத்து மணிக்கு மேல் சுற்றுலாப் பஸ்கள் வந்து நின்றுவிட்டால் அறைக்குள் முதுகுகளைத்தான் பார்க்க வேண்டும். யு4 மெட்ரோவில் ஷோன்ப்ரூன் என்ற பெயருள்ள நிலையத்திலேயே இறங்குங்கள். அங்கிருந்து வாசலுக்குச் சில நிமிட நடை, குறித்த நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்னதாக நிற்பது நல்லது. பின்னால் உள்ள பெரிய தோட்டத்துக்குக் கட்டணம் கிடையாது. மேட்டின் மேல் இருக்கும் குளோரியெட் மண்டபம் வரை ஏறினால் நகரம் முழுக்கத் தெரியும். காசு சுருக்கமாக இருந்தால் அறைகளை விட்டுவிட்டுத் தோட்டம் மட்டும் பார்த்துத் திரும்பினாலும் நஷ்டமில்லை.

மதியம் நகர மையம். ஸ்டெஃபான்ஸ் பேராலயத்தின் தெற்குக் கோபுரம் 136 மீட்டர். அதில் 343 குறுகலான சுழல் படி ஏறிக் காவலர் அறை வரை போகலாம். முழங்கால் வலி இருப்பவர்களுக்கு வடக்குக் கோபுரத்தில் லிஃப்ட் உண்டு, பும்மெரின் என்ற பெரிய மணியும் அங்கேதான். அங்கிருந்து கிராபன் தெரு வழியாக ஹோஃப்பர்க் அரண்மனை முற்றங்களைக் கடந்து நடந்தால் நேராகக் கலை வரலாற்று அருங்காட்சியகம். வியாழன் என்பதால் அவசரமில்லை. மாலை ஐந்து மணிக்கு மேல் உள்ளே போனால் கூட்டம் வடிந்திருக்கும். நேரே ப்ரூகெல் அறைக்குப் போங்கள். அந்த ஓவியரின் படங்கள் உலகில் அதிக எண்ணிக்கையில் இருப்பது இங்கேதான். 1563-ன் பாபேல் கோபுரம், 1565-ன் பனியில் வேட்டைக்காரர்கள் இரண்டும் ஒரே அறையில். பாபேல் கோபுரத்தை அருகில் போய்ப் பாருங்கள். கல் தூக்கும் இயந்திரம், அதன் சக்கரத்துக்குள் நடந்து சுழற்றும் ஆட்கள் என்று ஒரு கட்டுமானத் தளமே அதற்குள் இயங்கிக்கொண்டிருக்கும்.

*வெள்ளி: பெல்வெடேர், நாஷ்மார்க்ட், ஆபரா.* மேல் பெல்வெடேர் ஓவியக் காட்சியகமாக மாறிய அரண்மனை, ஹாப்ட்பான்ஹாஃபிலிருந்து பதினைந்து நிமிட நடை. கிளிம்ட்டின் முத்தம் ஓவியத்துக்காகத்தான் எல்லோரும் வருகிறார்கள். இங்கும் நேரச் சீட்டு. மதியம் நாஷ்மார்க்டில் ஃபலாஃபல், பழம், சீஸ் வாங்கிச் சாப்பிடலாம். ஆனால் சுவைத்துப் பாருங்கள் என்று நீட்டுவதை வாங்கித் தின்றுவிட்டால் அடுத்து அரைக் கிலோ பொட்டலம் கட்டத் தொடங்கிவிடுவார்கள். விலையை முதலில் கேட்டுவிடுங்கள்.

மாலையில் ஆபரா பார்க்க இருநூறு யூரோ தேவையில்லை. நின்று பார்க்கும் இடங்கள் இருபது யூரோவுக்குள் கிடைக்கும். அன்றைய நிகழ்ச்சிக்கு அன்றைக்கே இணையத்தில் விற்பார்கள், மிச்சம் இருந்தால் நிகழ்ச்சி தொடங்க 80 நிமிடத்துக்கு முன் தனிக் கவுண்டரில் கிடைக்கும். ஒரு கைக்குட்டையோ துப்பட்டாவோ கொண்டு போங்கள். உள்ளே போனதும் உங்கள் இடத்துக் கம்பியில் கட்டிவிட்டால் அது உங்கள் இடம், இடைவேளைக்குப் போய்வந்தாலும் யாரும் தொட மாட்டார்கள். அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு வேண்டாம். கோட்டும் பையும் வெளியே ஒப்படைக்க வேண்டியிருக்கும். இசையமைப்பாளர் வாக்னரின் நான்கு மணி நேர ஆபரா என்றால் நின்று பார்ப்பது கஷ்டம், முதல் இடைவேளையில் கிளம்பிவிடலாம்.

காபிக் கடையில் மெலாஞ்ச் என்ற பால் காபி ஒன்று வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காரலாம். யாரும் எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள். கூடவே வரும் தண்ணீர் இலவசம். வியன்னாவின் குழாய்த் தண்ணீர் ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து வருகிறது, முதல் குழாய்த் தடம் 1873-ல் போட்டது. பாட்டில் வாங்கவே வேண்டாம், தெருவில் குடிநீர்க் குழாய்கள் இருக்கின்றன. பிராத்திஸ்லாவாவிலும் குழாய்த் தண்ணீர் குடிக்கலாம்.

எல்லையைத் தாண்டுதல்: ரயிலா, பஸ்ஸா, படகா

*ரயில்.* ஹாப்ட்பான்ஹாஃபிலிருந்து இரண்டு தனித்தனிப் பாதைகள். இரண்டுமே ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஒன்று வடக்கே மார்ஷெக் வழியாக பிராத்திஸ்லாவாவின் தலைமை நிலையமான ஹ்லாவ்னா ஸ்தனித்சாவுக்குப் போகிறது. இன்னொன்று தெற்கே கிட்சே வழியாக பெட்ர்ஷல்கா நிலையத்துக்குப் போகிறது. பலகையில் இரண்டுக்கும் முதலில் பிராத்திஸ்லாவா என்றுதான் இருக்கும், பின்னொட்டைத்தான் பார்க்க வேண்டும். பெட்ர்ஷல்கா டான்யூப் ஆற்றின் தென்கரையில், கம்யூனிச காலத்துத் தொகுப்பு வீடுகள் நிறைந்த பெரிய குடியிருப்பு. அங்கே இறங்கிப் பழைய நகரத்தைத் தேடினால் கிடைக்காது. தலைமை நிலையத்தில் இறங்கினால் ஜனாதிபதி மாளிகை வழியாகச் சரிவில் இருபது நிமிடம் நடந்து பழைய நகரத்துக்குப் போய்விடலாம். பெட்டி இருந்தால் 93-ம் எண் பஸ்ஸில் ஸோகோவா நிறுத்தம். பெட்ர்ஷல்காவில் இறங்கினாலும் ஆற்றைத் தாண்டி மையத்துக்கு நகர பஸ் உண்டு, சுமார் பத்து நிமிடம். நடந்தால் அரை மணிக்கு மேல். திரும்பும்போதும் இதே குழப்பம் வரும், எந்த நிலையத்து ரயில் என்று பார்த்து வையுங்கள்.

ரயில்கள் பாசஞ்சர் வகை. இருக்கைப் பதிவு கிடையாது, முன்கூட்டி வாங்கினால் மலிவு என்பதும் கிடையாது. போய்த் திரும்புவதாக இருந்தால் ஆஸ்திரிய ரயில்வேயின் பிராத்திஸ்லாவா டிக்கெட் என்ற சலுகைச் சீட்டு உண்டு. நான்கு நாளுக்குள் திரும்பலாம், எந்தப் பாதையிலும் போகலாம், ஒருவழிச் சீட்டு இரண்டு வாங்குவதை விட மலிவு. நம் திட்டத்தில் திரும்புவது விமான நிலையத்துக்கு என்பதால் ஒருவழிச் சீட்டு போதும். தண்டவாளப் பணிக்காக ஒரு பாதையை அடைத்து மாற்று பஸ் விடுவது அடிக்கடி நடக்கும், ஆகவே முதல் நாள் இரவே செயலியில் அடுத்த நாள் ரயிலைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

*பஸ்.* ரயிலை விடச் சில சமயம் மலிவு, நேரமும் அதே அளவு. ஆனால் நிறுத்தம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வியன்னாவில் ஹாப்ட்பான்ஹாஃப் அருகிலோ, யு3 மெட்ரோவில் எர்ட்பெர்க்கிலோ புறப்படும். பிராத்திஸ்லாவாவில் டான்யூப் மேல் உள்ள எஸ்.என்.பி. பாலத்துக்கு அடியிலோ, 2021-ல் திறந்த நிவி பஸ் நிலையத்திலோ நிற்கும். பாலத்தடி நிறுத்தம் பழைய நகரத்தை ஒட்டியது, அதில் இறங்குவதே நல்லது. நிவி ஒரு பெரிய வணிக வளாகத்துக்கு அடியில் இருக்கிறது, அங்கிருந்து மையத்துக்குப் பதினைந்து இருபது நிமிட நடை.

*படகு.* ட்வின் சிட்டி லைனர் என்ற விரைவுப் படகு ஷ்வேடன்பிளாட்ஸில் டான்யூப் கால்வாயில் புறப்படுகிறது. வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரைதான் ஓடும், பருவத்தின் இரு முனைகளிலும் வாரத்தில் சில நாள் மட்டும். ஓட்டத்தோடு போவதால் பிராத்திஸ்லாவாவுக்கு 75 நிமிடம், எதிர்த்து வர 90 நிமிடம். ஆகவே படகில் போக ஆசையிருந்தால் போகும்போதே ஏறுங்கள். கட்டணம் ரயிலைப் போல மூன்று மடங்காவது இருக்கும். வெயிலில் நின்று காற்று வாங்கும் படகு என்று எண்ண வேண்டாம், உட்காருவது பெரும்பாலும் கண்ணாடி மூடிய அறைக்குள். இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் நல்லது. கடைசிப் பகுதியில் மொராவா ஆறு வந்து சேருமிடமும் அதன் மேல் செங்குத்துப் பாறையில் தேவின் கோட்டையும் அந்தப் பக்கம்தான். ஆற்றில் வெள்ளம் வந்தாலும், நீர் மிகக் குறைந்தாலும் ரத்து செய்துவிடுவார்கள். படகை மட்டும் நம்பி அன்றைய விமானத்தைத் திட்டமிடாதீர்கள்.

வாடகைக் கார் வேண்டவே வேண்டாம். இரண்டு நாட்டுக்கும் தனித்தனி நெடுஞ்சாலை வரி வில்லை, எல்லை தாண்ட வாடகை நிறுவனத்தின் அனுமதி, இரண்டு நகரத்திலும் பார்க்கிங் பிரச்சினை.

எதில் போனாலும் பாஸ்போர்ட் அசல் கையில் இருக்கட்டும். ஷெங்கனுக்குள் எல்லைச் சோதனை இல்லை என்பது பொதுவிதி. ஆனால் தற்காலிகச் சோதனைகளை ஆஸ்திரியா அவ்வப்போது அறிவிக்கிறது. ரயிலில் போலீஸ் ஏறி வெளிநாட்டு முகங்களிடம் கேட்பது சகஜம், போனில் உள்ள படம் அப்போது உதவாது.

பிராத்திஸ்லாவா: ஒரு பகல், ஓர் இரவு, ஒரு காலை

பழைய நகரம் மிகச் சிறியது. மிகைல் வாயிலில் தொடங்கி எஸ்.என்.பி. பாலம் வரை வேகமாக நடந்தால் பதினைந்து நிமிடம். அதனால்தான் பகல் பயணிகள் மதியமே முடித்துவிட்டு இனி என்ன என்று நிற்கிறார்கள். அவசரப்படாமல் இப்படிப் போகலாம்.

முதலில் மார்ட்டின் பேராலயம். 1563-லிருந்து 1830 வரை ஹங்கேரி அரசர்களுக்கு முடிசூட்டியது இங்கே. துருக்கியர் புடாவை (இன்றைய புடாபெஸ்டின் ஒரு பகுதி) பிடித்துக்கொண்டதால் ஹங்கேரியின் தலைநகரம் இந்த ஊருக்கு வந்துவிட்டிருந்தது. பதினோரு அரசர்கள், எட்டு அரசிகள், அவர்களில் 1741-ல் மரியா தெரேசாவும் ஒருவர். கோபுர உச்சியில் சிலுவைக்குப் பதிலாகப் பொன் பூசிய கிரீடம் ஒன்று இருப்பதன் காரணம் அதுதான். பேராலயச் சுவரை ஒட்டியே பெரிய நெடுஞ்சாலை ஓடுவதைப் பார்த்தால் திடுக்கிடும். 1972-ல் முடிந்த பாலத்துக்காக இந்தப் பக்கம் இருந்த யூதர் குடியிருப்பின் பெரும்பகுதியை இடித்துத் தள்ளினார்கள்.

அங்கிருந்து கோட்டைக்குப் படியேறினால் பதினைந்து நிமிடம். வெள்ளைச் சுவர், நான்கு மூலையில் நான்கு கோபுரம். 1811-ல் எரிந்து, நூற்றைம்பது ஆண்டு பாழாகக் கிடந்து, 1950-களில் மீட்கத் தொடங்கியது. உள்ளே காட்சியகம் சுமார்தான், முற்றமும் ஆற்றைப் பார்க்கும் மதிலும் இலவசம். உள்ளே போகக் காசு செலவிடுவதை விட அதைப் பாலத்துக் கோபுரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பாலத்தின் ஒற்றைத் தூண் உச்சியில் பறக்கும் தட்டுப் போல உள்ள யு.எஃப்.ஓ. மேடை 95 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாலத்தில் வண்டிப் பாதைக்குக் கீழே நடைபாதை ஒன்று உண்டு, அதில் நடந்து தென்கரைக்குப் போய் லிஃப்ட் ஏற வேண்டும். சூரியன் மறைய அரை மணி முன் ஏறினால் ஒரு பக்கம் கோட்டையும் மறு பக்கம் பெட்ர்ஷல்காவின் விளக்குகளும் தெரியும். காற்று பலமாக இருக்கும், கோடையிலும் மேல்சட்டை வேண்டும்.

நீலத் தேவாலயம் மையத்துக்குக் கிழக்கே பத்து நிமிட நடை. எடன் லெக்னர் வடிவமைத்தது, சுவர், ஓடு, பெஞ்சு எல்லாம் வெளிர் நீலம். வழிபாட்டு நேரத்தை ஒட்டித்தான் கதவு திறக்கும். பகலில் போனால் வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு வர வேண்டியதுதான். அதிகாலையிலோ மாலை 5.30-க்கு மேலோ போய்ப் பாருங்கள். சாக்கடை மூடியிலிருந்து தலை நீட்டும் சுமில் சிலையைத் தேட வேண்டியதில்லை, கூட்டம் காட்டிக்கொடுக்கும்.

நகர பஸ், டிராமுக்கு நேரக் கணக்குச் சீட்டு. முப்பது நிமிடம், அறுபது நிமிடம், நாள் முழுக்க என்று வகைகள். அந்த நேரத்துக்குள் எத்தனை வண்டி மாறினாலும் சரி. காகிதச் சீட்டு என்றால் ஏறியதும் முத்திரை, அதே விதி, அதே கண்டிப்பு. ஓட்டுநரிடம் சீட்டு கிடைக்கும் என்று நம்பி ஏறாதீர்கள்.

*ஞாயிறு காலை: தேவின்.* எஸ்.என்.பி. பாலத்தடி நிறுத்தத்திலிருந்து 29-ம் எண் பஸ், இருபத்தைந்து நிமிடத்துக்குள் போய்விடும். விடுமுறை நாட்களில் பஸ்கள் குறைவு, திரும்பும் நேரத்தை இறங்கியதும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 1809-ல் நெப்போலியன் படை வெடி வைத்துத் தகர்த்த கோட்டை. மேலிருந்து பார்த்தால் மொராவாவின் பழுப்பு நீரும் டான்யூபின் நீரும் கலக்குமிடம் தெரியும். அக்கரை ஆஸ்திரியா. கம்யூனிச ஆட்சி நடந்த 1989 வரை, மக்கள் அக்கரைக்குத் தப்பிவிடாதபடி இந்தக் கரை முழுக்க முள்வேலி இருந்தது. தப்பிக்க முயன்று உயிர்விட்டவர்களின் பெயர் தாங்கிய நினைவுச் சின்னம் கோட்டைக்குக் கீழே ஆற்றோரம் இருக்கிறது. பலர் அதைக் கவனிக்காமலே பஸ் ஏறிவிடுகிறார்கள். கோட்டைக்கு ஒன்றரை மணி, ஆற்றோரத்துக்கு அரை மணி ஒதுக்குங்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு

வியன்னாவில் சிறு மாவுத் துண்டுகளில் பாலாடைக்கட்டி போட்ட கேஸ்ஷ்பெட்ஸ்லே, இனிப்பு வேண்டுமானால் பிய்த்துப் போட்ட பான்கேக்கான கைசர்ஷ்மாரன், ஆப்பிள் பூரணம் வைத்துச் சுருட்டிய ஷ்ட்ரூடல். சூப் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை: தெளிந்த சூப் பெரும்பாலும் மாட்டெலும்பு வேகவைத்த நீர்தான், மேலே காய்கறி மிதந்தாலும் சரி. ஸ்லோவாக்கியாவின் தேசிய உணவு ப்ரிண்ட்ஸோவே ஹலுஷ்கி, உருளைக்கிழங்கு மாவு உருண்டையும் ஆட்டுப்பால் சீஸும். அதன் மேல் வறுத்த பன்றிக் கொழுப்பைத் தூவுவது வழக்கம், வேண்டாம் என்று ஆர்டர் கொடுக்கும்போதே ‘பெஸ் ஸ்லனினி’ என்று சொல்லுங்கள். கசகசா, வால்நட் பூரணம் வைத்த பிராத்திஸ்லாவா ரோஷோக் கொம்பு வடிவ ரொட்டி வழிநடைக்கு நல்லது. வார நாட்களில் 11 முதல் 2 மணி வரை ‘டென்னே மெனு’ என்று பலகை வைத்திருப்பார்கள், சூப்பும் ஒரு உணவும் சேர்த்து மலிவாகக் கிடைக்கும். நம் சனி, ஞாயிறுக்கு இது பொருந்தாது, கிழமை மாற்றிப் போகிறவர்கள் விட்டுவிடாதீர்கள்.

கார்டு எல்லா இடத்திலும் எடுப்பார்கள், கழிவறைக்கும் வியன்னாவின் பழைய காபிக் கடைகளுக்கும் சில்லறை வேண்டும். ஏ.டி.எம்.மில் ரூபாயில் கணக்குக் காட்டி ஒப்புக்கொள்ளச் சொன்னால் மறுத்து, யூரோவிலேயே எடுங்கள். ரூபாய்க் கணக்கை ஏற்றால் மாற்று விகிதத்திலேயே கணிசமாக இழப்பீர்கள். தெருவோரம் தனியாக நிற்கும் சுற்றுலா ஏ.டி.எம்.களைத் தவிர்த்து வங்கிக் கட்டடத்தில் உள்ளதைப் பயன்படுத்துங்கள்.

விமான நிலையத்துக்குத் திரும்புதல்

பஸ் சீட்டில் இறங்குமிடம் வியன்னா விமான நிலையமா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். பிராத்திஸ்லாவாவுக்கும் சொந்த விமான நிலையம் உண்டு, மலிவு விமானங்கள் பல அங்கிருந்துதான் கிளம்பும். விமானத்துக்கு மூன்றரை மணி முன்பு நிலையத்தில் இருக்கும்படி பஸ் பிடியுங்கள். அதற்கு முந்தைய பஸ்ஸையே இலக்காக வைத்தால் ஒன்று தவறினாலும் அடுத்தது இருக்கும். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய நுழைவு வெளியேற்றப் பதிவு முறையில் கைரேகை, முகப்படம் பதிவதால் பாஸ்போர்ட் வரிசை முன்பை விட நீளும்.

வியன்னாவில் ஒரே கடையில் 75 யூரோவுக்கு மேல் பொருள் வாங்கியிருந்தால் வரித் திருப்பல் படிவத்தைக் கடையிலேயே பாஸ்போர்ட் காட்டி வாங்கியிருப்பீர்கள். அந்தப் படிவத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறும் கடைசி விமான நிலையத்தில் சுங்க முத்திரை வேண்டும். துபாய், தோஹா வழியாகத் திரும்புகிறவர்களுக்கு அது வியன்னாவேதான். பொருளைக் காட்டச் சொல்வார்கள் என்பதால் பெட்டியைச் செக்-இன் பெல்ட்டில் விடுவதற்கு முன்பே சுங்கக் கவுண்டரைக் கேட்டுப் போய்விடுங்கள்.